பல கைகளுக்கு ஒரே பேரேடு

இந்திய வணிகரின் கடையில் கல்லாப் பெட்டிக்கு அடுத்தபடி மதிப்புப் பெற்ற பொருள் கணக்குப் புத்தகமே. ராஜஸ்தானத்திலும் குஜராத்திலும் சிவப்புத் துணியில் கட்டி, கயிறு சுற்றி வைக்கும் 'பஹி காதா'வை நேயர்களில் பலர் பார்த்திருப்பார்கள். குஜராத்தி வணிகர்கள் தீபாவளியன்று புதுப் புத்தகத்தை வைத்துப் பூஜை செய்வதும், வங்காளத்தார் தம் ஆண்டுப் பிறப்பன்று 'ஹால் காதா' என்று புதுக்கணக்குத் திறப்பதும் இன்றும் நடைபெறும் வழக்கங்கள். ஓர் ஏட்டுக்கு இத்தனை மரியாதை ஏன்? யார் எவ்வளவு தரவேண்டும், யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்தச் சரக்கு எவ்வளவு மிச்சம் என்னும் உண்மை அனைத்தும் அந்த ஒன்றில்தான் தங்கியிருந்தது. அது நெருப்புக்கு இரையானால் கடையின் நினைவே அழிந்ததாகும்.

அந்த ஏட்டுக்கு இயல்பான குறை ஒன்று உண்டு. ஒரு சமயத்தில் ஒருவர் கையில்தான் அது இருக்க முடியும். முதலாளியே எழுதி, முதலாளியே விற்கும் கடையில் இது குறையாகத் தோன்றாது. விற்பவர் இருவர், சரக்கறையில் ஒருவர், வரவு வசூலிப்பவர் ஒருவர் என்று கடை வளரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. ஆளுக்கொரு புத்தகம் வைத்தால் நான்கு உண்மைகள் உண்டாகிவிடும். ஒரே புத்தகம் வைத்தால் மூவர் காத்து நிற்க வேண்டும்.

இன்று நகரந்தோறும் சிறு வணிக நிலையங்களில் நான்கைந்து கணிப்பொறிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறோம். மூலையில் ஒன்று தனியே, அதன் முன் யாரும் அமராமல், இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும். அதைத் தரவுத்தள சர்வர் என்கிறார்கள். அது எதற்கு என்று கேட்டால், "எல்லாக் கணக்கும் அதில் இருக்கிறது" என்று விடை வரும். இது பாதி விடையே. கணக்கை வைத்திருப்பதற்கு ஓர் அலமாரி போதும். அந்த யந்திரம் செய்வது கணக்கப்பிள்ளையின் வேலை. ஏட்டைப் பிறர் தொடவிடாமல் தானே வைத்துக்கொண்டு, கேட்பவர் அனைவருக்கும் விடை சொல்லி, எழுதச் சொல்வதையெல்லாம் வரிசைப்படி எழுதும் வேலை அது. இந்த வேலையை ஒரு யந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றையே நாம் இங்கே காணப்போகிறோம்.

நம் நாட்டில் பொதுமக்கள் இந்த மாற்றத்தை முதலில் நேரில் கண்டது ரயில் நிலையங்களில் எனலாம். முன்னாளில் முன்பதிவு என்பது பெரிய பதிவேடுகளில் கையால் எழுதப்பட்டது. ஒரு ரயிலின் ஏடு எந்தச் சாளரத்தில் இருக்கிறதோ அந்தச் சாளரத்தில்தான் அந்த ரயிலுக்கு இடம் கிடைக்கும். பக்கத்துச் சாளரம் காலியாக இருந்தாலும் பயனில்லை. ஏடு அங்கே இல்லையே! 1980-களின் நடுப்பகுதியில் புதுதில்லியில் கணிப்பொறி வழி முன்பதிவு தொடங்கியபோது, எந்தச் சாளரத்தில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் இடம் பெறலாம் என்ற நிலை வந்தது. எழுத்தர்களின் விரல்கள் வேகம் பெற்றுவிட்டன என்பதன்று காரணம். ஏடு மேசையைவிட்டு நீங்கி எல்லாருக்கும் பொதுவான ஓரிடத்துக்குச் சென்றது. ஒரே படுக்கையை இருவருக்குக் கொடாமல் காக்கும் பொறுப்பும் அதனுடனேயே அங்கே சென்றது. பின்னர் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்தராபாத் ஆகிய மையங்கள் ஒன்றோடொன்று இணைந்தன. 2002-ஆம் ஆண்டில் வீட்டிலிருந்தே இணையத்தின் வழி சீட்டுப் பெறும் வசதியும் வந்தது.

இனி, யந்திரத்தின் கதையைச் சற்றுப் பின்னிருந்து தொடங்குவோம். 1890-ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித் என்பவரின் துளை அட்டைகள் பயன்பட்டன. அட்டைகளும், பின்னர் வந்த காந்த நாடாக்களும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் படிக்க வேண்டியவை. நடுவில் உள்ள ஒரு வாடிக்கையாளரின் பாக்கியை மட்டும் எடுத்துப் பார்ப்பது எளிதன்று. 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் 'ராமாக்' என்னும் யந்திரத்தை அறிமுகம் செய்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது காந்தத் தட்டுகளை அடுக்கி, ஐம்பது இலட்சம் எழுத்துகளைச் சேமித்தது அது. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட அந்த இடம் போதாமற்போகலாம். எனினும் வேண்டிய பக்கத்தை நேரே புரட்டும் ஆற்றல் அதனால்தான் கிடைத்தது. புத்தகம் என்று சொல்லத்தக்க ஒன்று யந்திரத்துக்கு வாய்த்தது அப்பொழுதுதான்.

புத்தகம் கிடைத்தது, அதை ஒழுங்குபடுத்துவது எவ்வாறு? 1960-களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் என்பவர் ஒரு முறை வகுத்தார். ஐ.பி.எம். நிறுவனம் வேறொரு முறையை அப்பல்லோ சந்திரப் பயணத் திட்டத்தின் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கி 1968-இல் இயக்கிக் காட்டியது. இரண்டும் திறமையானவை. ஆயினும் அவற்றில் ஒரு செய்தியைத் தேட வேண்டுமானால், அது எங்கே இருக்கிறது, எந்தக் கிளையிலிருந்து எந்தக் கிளைக்குத் தாவ வேண்டும் என்பதை நிரல் எழுதுபவரே அறிந்திருக்க வேண்டும். ஏட்டின் அமைப்பைச் சற்றே மாற்றினால், அதை நம்பி எழுதிய நிரல்கள் எல்லாவற்றையும் திருத்த வேண்டும். விண்வெளித் திட்டங்களுக்கும் பெரிய வங்கிகளுக்கும் இது தாங்கும். ஐந்து பேர் வேலை செய்யும் கடைக்குத் தாங்குமா?

விடை 1970 ஜூன் மாதத்தில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையாக வந்தது. எழுதியவர் எட்கர் காட். ஆங்கிலேயர், இரண்டாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர், அப்பொழுது கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தார். செய்திகளையெல்லாம் எளிய அட்டவணைகளாக எழுதிவையுங்கள் என்றார் அவர். வாடிக்கையாளர் ஓர் அட்டவணை; சரக்கு ஓர் அட்டவணை; விற்பனை ஓர் அட்டவணை. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள தொடர்பு, இரண்டிலும் பொதுவாக வரும் எண்ணால் விளங்கும். கேட்பவர் தமக்கு என்ன வேண்டும் என்று சொன்னால் போதும். அதை எவ்வழியில் தேடி எடுப்பது என்பது யந்திரத்தின் பொறுப்பு. "பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் பாக்கி வைத்து, இரண்டு மாதமாகப் பணம் செலுத்தாதவர்கள் யார் யார்?" என்று முதலாளி கணக்கப்பிள்ளையைக் கேட்கிறார். எந்தப் புத்தகத்தின் எந்தப் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்று அவர் சொல்வதில்லையே! காட் கோரிய உரிமையும் இதுவேதான்.

ஐ.பி.எம். தன் சொந்தக் கூடத்தில் பிறந்த இக்கருத்தை விற்பனைக்குக் கொண்டுவருவதில் விரைவு காட்டவில்லை. பழைய முறைப் பொருளே நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. ஆனாலும் அங்கேயே டொனால்டு சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் என்னும் இருவர் 1974-இல் கேள்வி கேட்பதற்கென்று ஒரு மொழியை அமைத்தார்கள். இன்று உலகமெங்கும் எஸ்.க்யூ.எல். என்று வழங்குவது அதுவே. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் யூஜின் வாங்கும் தம் வழியில் 'இங்கிரெஸ்' என்பதை உருவாக்கினர். வெளியான கட்டுரைகளைப் படித்தே பொருள் செய்து, 1979-இல் சந்தைக்கு வந்து முந்திக்கொண்டது பின்னாளில் ஆரக்கிள் என்று பெயர் பெற்ற சிறு நிறுவனம்.

இவையெல்லாம் பெரிய யந்திரங்களின் உலகம். சிறு வணிகரின் மேசைக்குக் கணிப்பொறி வந்தது 1981-இல் ஐ.பி.எம். தன் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டதற்குப் பிறகுதான். நம் நாட்டில் பெங்களூரில் 1986-இல் தொடங்கப்பட்டு, பின்னர் டேலி என்று பெயர் பெற்ற கணக்கு மென்பொருளை அறியாத வணிகர் இன்று அரியர். அக்காலத்தில் 'டிபேஸ்' போன்ற மென்பொருள்களைக் கொண்டும் பல கடைகளுக்கு ஆங்காங்கே உள்ள நிரலாளர்கள் தனித்தனியே கணக்கு நிரல்கள் எழுதித் தந்தார்கள். ஒரு மேசை, ஒரு கணிப்பொறி, ஒரு கணக்கு. எல்லாம் நன்றாகவே நடந்தது.

இரண்டாவது கணிப்பொறி வந்தவுடன் பழைய ஏட்டின் குறை மீண்டும் தலைகாட்டியது. யந்திரங்களைக் கம்பியால் இணைப்பது அரிதன்று. ஸெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் 1973-இல் பிறந்த ஈதர்நெட் முறை 1980-களில் அலுவலகங்களுக்கு வந்துவிட்டது. கம்பியின் மறுமுனையில் இருந்தது ஒரு கோப்பு சர்வர். இதைத்தான் நாம் அலமாரி என்று சொன்னோம். ஏடு அதில் இருக்கும். வேண்டுபவர் தம் மேசைக்கு இழுத்து, தாமே படித்து, தாமே எழுதித் திரும்ப வைக்க வேண்டும். அலமாரிக்கு ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இதனால் விளையும் கேட்டை ஒரு மருந்து மொத்த வணிகக் கடையை வைத்துப் பார்ப்போம். ஒரு மாத்திரைப் பெட்டியின் இருப்பு பத்து. முதல் மேசையில் இருப்பவர் பத்து என்று படிக்கிறார். அதே நொடியில் இரண்டாம் மேசையில் இருப்பவரும் பத்து என்று படிக்கிறார். முதல்வர் நான்கு விற்று, 'மீதி ஆறு' என்று எழுதுகிறார். மற்றவர் மூன்று விற்று, 'மீதி ஏழு' என்று அதன் மேலேயே எழுதிவிடுகிறார். விற்றது ஏழு, உண்மையில் இருப்பது மூன்று, ஏடு காட்டுவதோ ஏழு. மாதக் கடைசியில் சரக்கை எண்ணும்போது நான்கு பெட்டிகளைக் காணோம். இருவரும் நேர்மையானவர்கள், எழுதியதிலும் பிழை செய்யவில்லை. ஆயினும் சந்தேகம் யார் மேல் விழும்? சரக்கறைப் பையன் மேல் விழும்! சிறு நிலையங்களில் ஒருவனுடைய வேலையும் நற்பெயரும் போவதற்கு இவ்வளவு போதும். ஒருவர் எழுதும்போது மற்றவரைத் தடுக்கும் பூட்டு வசதி அந்த மென்பொருள்களிலும் பின்னர் வந்தது மெய்தான். ஆனால் பூட்டுவதும் திறப்பதும் ஒவ்வொரு மேசை நிரலின் ஒழுக்கத்தைப் பொறுத்தவை. பூட்டிவிட்டு ஒருவர் தேநீர் அருந்தச் சென்றால் மற்றவர் கதி என்ன?

இதனினும் கொடியது மின்வெட்டு. பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது ஒரு மேசையில் மின்சாரம் நின்றால், விற்பனை எழுதப்பட்டிருக்கும், இருப்புக் குறைக்கப்பட்டிராது. அல்லது பக்கங்களின் சுட்டுப் பட்டியல் சிதைந்து, இருக்கும் வாடிக்கையாளரே இல்லை என்று காட்டும். மின்சாரத்தை நம்பி வாழாத நம் கடைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள்.

1987-இல் சைபேஸ் என்னும் நிறுவனமும், அதன் துணையோடு 1989-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமும் சிறு வலையமைப்புகளுக்கு ஏற்ற தரவுத்தள சர்வரை வெளியிட்டன. இங்கே மேசைக் கணிப்பொறி ஏட்டைத் தொடுவதே இல்லை. கேள்வியை மட்டும் கம்பியில் அனுப்புகிறது. விடை மட்டும் திரும்ப வருகிறது. முன்பு ஒருவரின் பாக்கியைக் காண ஏட்டின் பக்கம் பக்கமாகக் கம்பியில் ஓடவேண்டியிருந்த இடத்தில், இப்பொழுது ஒரு வரி செல்கிறது, ஒரு வரி வருகிறது. மருந்துக் கடை இருவரும் ஒரே நொடியில் கேட்டாலும் சர்வர் ஒருவரைச் சற்றே நிறுத்தி வைத்து, முதல்வருக்கு நான்கைக் கழித்து, மீதி ஆறிலிருந்து அடுத்தவருக்கு மூன்றைக் கழிக்கும். காத்த நேரம் கண்ணிமைக்கும் பொழுதுகூட இராது.

மின்வெட்டுக்கு என்ன மருந்து? இங்கேதான் நம் பழைய வணிகரின் வழக்கமும் புதிய விஞ்ஞானமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. கைக்கணக்கு வைத்த காலத்தில் யாரும் நேரே பேரேட்டில் எழுதுவதில்லை. நடந்ததை நடந்த வரிசையில் முதலில் நாள்வழியில் எழுதி, ஓய்வு கிடைத்தபோது பேரேட்டில் அவரவர் பெயரில் பெயர்த்து எழுதுவார்கள். பெயர்க்கும்போது தவறு நேர்ந்தாலும் நாள்வழி கைவசம் இருக்கிறதல்லவா? சர்வரும் அச்சாக இதையே செய்கிறது. செய்யப்போகும் மாற்றம் ஒவ்வொன்றையும் முதலில் ஒரு நாள்வழியில் எழுதித் தட்டில் பதித்துவிட்டுப் பிறகே பேரேட்டைத் திருத்துகிறது. மின்சாரம் நின்று மீண்டும் வந்தால், எழுந்தவுடன் அது பார்ப்பது நாள்வழியைத்தான். முடிந்ததாகக் குறிக்கப்பட்டிருக்கும் பரிவர்த்தனைகள் பேரேட்டில் ஏறாமல் இருந்தால் ஏற்றுகிறது. முடியாமல் நின்றவற்றின் சுவடு பேரேட்டில் இருந்தால் அழிக்கிறது. விற்பனை எழுதி, இருப்பைக் கழித்து, வரியைக் கணக்கிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்தே நிற்கும், அன்றி மூன்றுமே இல்லையென்றாகும். நடுவில் ஒரு நிலை கிடையாது.

இக்கொள்கைக்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஜிம் கிரே. அதற்காக 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார். காட் அவ்விருதை 1981-இலும், பாக்மன் 1973-இலும் பெற்றிருந்தார்கள். 2007 ஜனவரியில் தம் தாயின் அஸ்தியைக் கடலில் கரைப்பதற்காக ஸான் பிரான்ஸிஸ்கோவிலிருந்து தனியே படகில் சென்ற ஜிம் கிரே திரும்பவேயில்லை. பல நாள் தேடியும் படகின் துண்டுகூடக் கிடைக்கவில்லை.

விலையைப் பற்றிச் சிறு வணிகர் அஞ்ச வேண்டிய காலம் போய்விட்டது. 1995-இல் வெளிவந்த மைஎஸ்க்யூஎல், பெர்க்லி ஆராய்ச்சியின் வழித்தோன்றலாகி 1996-இல் இப்பெயர் பெற்ற போஸ்ட்கிரெஸ்க்யூஎல் ஆகியவற்றை இலவசமாகவே பெறலாம். எனினும் எல்லாக் கடைக்கும் இது வேண்டும் என்று நாம் சொல்லவரவில்லை. ஒரே மேசை, ஒரே ஆள் என்றால் சர்வர் வீண் சுமை. இரண்டாவது ஆள் எழுதத் தொடங்கும் நாளில்தான் அதன் தேவை பிறக்கிறது.

2017 ஜூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் இத்தேவை இன்னும் கூர்மையாயிற்று. ஒவ்வொரு வரிப் பட்டியலுக்கும் நிதியாண்டில் திரும்ப வராத தொடர் எண் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று மேசைகளில் பட்டியல் போடுபவர்களுக்கு ஒரே எண் இருமுறை வராமல் வழங்குவது சர்வரின் வேலை. இங்கே நுட்பம் ஒன்று உண்டு. பெரும்பாலான சர்வர்களில் எண்களைத் தாமாகக் கொடுக்கும் ஏற்பாடு, பாதியில் கைவிட்ட பட்டியலின் எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை. வரிசையில் ஓர் இடைவெளி விழுந்துவிடும். தணிக்கையாளர் கேட்கும்போது விழிக்காமல் இருக்க, இந்த விதியை நிரல் எழுதுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். மற்றும், 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளாகப் பதிவுபெற்றவை, கணக்கில் செய்த ஒவ்வொரு திருத்தத்தின் சுவட்டையும், செய்த தேதியோடு பாதுகாக்கும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்று சட்டம் வகுத்திருக்கிறது. இதற்கெல்லாம் அடிப்படை, ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயரிலும் தம் சொந்த மறைசொல்லிலும் சர்வரிடம் பேசுவது. எல்லாரும் முதலாளியின் ஒரே மறைசொல்லைப் பயன்படுத்தும் கடையில், திருத்தங்கள் எல்லாம் முதலாளியே செய்தவையாகத்தான் தெரியும். சரக்கறைப் பையனைக் காக்கும் சாட்சி அங்கே இல்லை.

கணக்கப்பிள்ளையைத் தெருவில் உட்கார வைப்பாரும் உண்டு. 2003 ஜனவரி 25-ஆம் நாள் 'ஸ்லாமர்' என்னும் புழு, இணையத்துக்குத் திறந்து வைக்கப்பட்டிருந்த மைக்ரோசாஃப்ட் தரவுத்தள சர்வர்களைச் சில நிமிடங்களில் உலகமெங்கும் பற்றியது. அதைத் தடுக்கும் திருத்தம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்பே வெளியிடப்பட்டிருந்தது. பலர் அதை நிறுவிக்கொள்ளவில்லை. கடையின் சர்வர் கடைக்குள் இருக்கும் மேசைகளுக்கு மட்டும் விடை சொன்னால் போதும்.

இறுதியாக ஒன்று. சர்வர் சொன்னதைச் செய்யும். தவறாகச் சொன்னாலும் அவ்வாறே செய்யும். வாடிக்கையாளர் பட்டியலை அழி என்றால் அழித்து, அழித்ததை உறுதியாகத் தட்டில் பதித்தும் வைக்கும். இரண்டு தட்டுகளில் ஒரே சமயத்தில் எழுதும் ஏற்பாடு ஒரு தட்டுப் பழுதானால் உதவும். இதற்கு உதவாது, இரண்டிலும் அழிந்திருக்கும். ஆகவே பிரதி வேண்டும். இயங்கிக்கொண்டிருக்கும் சர்வரின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் அது பாதி எழுதிய பக்கங்களைக் கொண்ட பிரதியாக முடியலாம். சர்வரிடமே பிரதி கேட்டுப் பெறுவதுதான் முறை. அப்பிரதி கடையிலேயே, அதே மேசையிலேயே இருந்தால் நெருப்பும் வெள்ளமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். வேறிடத்தில் வைத்து, மாதம் ஒருமுறை வேறொரு கணிப்பொறியில் அதை ஏற்றி, நேற்றைய பற்றும் வரவும் சரியாக வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரதி எடுக்கும் கடைகள் இன்று பல. ஏற்றிப் பார்க்கும் கடைகளை நாம் அதிகம் கண்டதில்லை.